சவரக்கத்திப் பிடி

சவரக்கத்திப் பிடி என்பது மடக்குச் சவரக்கத்தியின் அலகைத் தாங்கி, மடக்கிய நிலையில் அதன் கூர்விளிம்பை மூடிக் காக்கும் பகுதியாகும். இங்கிலாந்தின் செஃபீல்டும் செருமனியின் சோலிங்கனும் இவ்வகைக் கத்திகளுக்குப் பெயர்பெற்ற நகரங்கள். தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களில் இன்று அலகு மாற்றும் கத்திகளே பெரும்பாலும் பயன்படுகின்றன.

அமைப்பு

பிடி இரு மெல்லிய தகடுகளால் ஆனது. ஒரு முனையில் அலகின் வால்பகுதி ஆணியொன்றைச் சுற்றித் திரும்பும். மறுமுனையில் தகடுகளுக்கிடையே சிறு ஆப்பு வைக்கப்பட்டிருக்கும். ஆணித்தலைகளின் கீழ் உலோக வளையங்கள் இருக்கும்.

பொருட்கள்

மாட்டுக்கொம்பு, எலும்பு, தந்தம், மரம் ஆகியவற்றால் பிடிகள் செய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்லுலாயிடு பரவியது. நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் கலந்த இப்பொருள் காலப்போக்கில் சிதைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். அலகைக் காக்க வேண்டிய பிடியே அதனை அழித்துவிடுகிறது. நுண்விரிசல், ஒட்டும் பரப்பு, நெடி ஆகியன சிதைவின் அறிகுறிகள். சிதைவை நிறுத்த இயலாது. அருகிலுள்ள கத்திகளும் பாதிக்கப்படும்.

சீரமைத்தல்

முதலில் கூர்விளிம்பு ஒட்டுநாடாவால் மூடப்படும். ஆணித்தலையை அரத்தால் தேய்த்து ஆணி வெளியே தள்ளப்படும். சிதைந்த செல்லுலாயிடு நீக்கப்பட்டு, கொம்பு அல்லது மரத்தால் புதிய பிடி பொருத்தப்படும். செல்லுலாயிடு எளிதில் தீப்பற்றுவதால் அதனருகே வெப்பம் கூடாது.

புதிய பித்தளை ஆணியின் முனை சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி விரிக்கப்படும். மிகுதியாக இறுக்கினால் தகடு பிளக்கும். தளர்ந்தால் மடக்கும்போது கூர்விளிம்பு தகட்டில் மோதி மழுங்கும்.