ஒரு மழை மாலையும் மூன்று கூற்றுகளும்

நம் அகப்பாட்டுப் புலவர் எவரும் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன் பேசுவான், செவிலி புலம்புவாள். யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசத் தகும் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் விரிவாக வகுத்துச் சொல்கிறது. நாம் அதைக் ‘கூற்று’ என்கிறோம். தலைவி தலைவனோடு வீட்டைவிட்டுப் போய்விடும் உடன்போக்கு என்ற ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவனின் வாயில் அது வழித்துணையின் இனிமை. செவிலியின் வாயில் வெறிச்சோடிய வீடு. நிகழ்ந்தது ஒன்றுதான். பேசுபவர் மாறியதும் பாட்டின் பொருளே மாறிவிடுகிறது. கதையின் கருப்பொருள் முதலில் தனியாக இருக்கிறது, உத்தி என்பது பிறகு அதன்மேல் போர்த்தும் ஆடை என்று இன்றும் வகுப்பறைகளில் சொல்லித் தருகிறோம். கூற்று என்ற ஏற்பாட்டைக் கண்ட மொழியில் இப்படிச் சொல்லித் தருவது எனக்கு வருத்தம் தருகிறது.

சொல்லும் முறையே பொருளை ஆக்குகிறது என்பதற்கு நவீனத் தமிழில் ஜெயகாந்தன் தந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மழை மாலை, பேருந்துக்காக நிற்கும் கல்லூரிப் பெண், ஒரு கார், வீட்டில் காத்திருக்கும் கைம்பெண்ணான தாய். இந்த ஒரே விதையிலிருந்து 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. அதிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவல் பிறந்து 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் அதே பெயரில் ஏ.பீம்சிங் இயக்கிய திரைப்படம் வெளியானது. மூன்றிலும் ஆசிரியரின் கை இருக்கிறது. படத்துக்கு வசனமும் பாடல்களும் அவரே எழுதினார். ஆனால் மூன்றும் சொல்வது ஒன்றை அல்ல.

சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது பழைய மரபு. ஜெயகாந்தன் அதை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, விளைவு அதேதான். பெயரில்லாததால் அவள் எவர் வீட்டுப் பெண்ணாகவும் ஆகிறாள். கதை படர்க்கையில் நடக்கிறது. முதலில் மழை, சாலை, பேருந்து நிறுத்தத்துக் கூட்டம் என்று தள்ளி நின்று பார்க்கும் கதைசொல்லி, கார் வந்ததும் அவளுடைய மிரட்சிக்கும் மயக்கத்துக்கும் நெருங்கி வருகிறார். வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் மெல்ல அவளை விட்டு விலகித் தாயின் பக்கம் போய்விடுகிறார். இந்த நகர்வைக் கவனிக்க வேண்டும். மகளுக்கு நேர்ந்ததாகத் தொடங்கிய கதை, தாய் என்ன செய்யப் போகிறாள் என்ற கதையாக முடிகிறது. தாய் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், எல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்கிறாள், யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடுகிறாள். தலைப்பில் இருப்பது நெருப்பு, கதையில் வேலை செய்வது தண்ணீர். சீதை உலகத்தார் முன் தீக்குளித்தாள். இங்கே நான்கு சுவருக்குள் ஒரு தாய் தன் அன்பால் அந்தச் சடங்கை முடித்துவிடுகிறாள். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாவதாக முடியும் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தையும் இதனுடன் வைத்துப் படித்தால், ஒரே காப்பிய நிகழ்ச்சிக்கு இரு பெரும் எழுத்தாளர்கள் எவ்வளவு வேறுபட்ட விடை சொன்னார்கள் என்பது புரியும்.

ஆகவே சிறுகதையின் கருப்பொருள் மன்னிப்பும் தாய்மையும். மகளின் குரல் அதில் அநேகமாக இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவினாள் என்றால் அழுக்கு இருந்தது என்று ஏற்றுக்கொண்டதாகத்தானே ஆகும் என்று இன்றைய வாசகி கேட்பாள். நியாயமான கேள்வி. கதை வெளிவந்த காலத்து எதிர்ப்பு வேறு வகையானது. கெட்டுப்போனவளை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்வதா என்று பலர் கொதித்தார்கள்.

ஜெயகாந்தன் பதிலைக் கட்டுரையாக எழுதியிருக்கலாம். கூற்றை மாற்றியதில்தான் அவருடைய மேதைமை தெரிகிறது. நாவலில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் வருகிறது. ‘நான்’ என்று அவளே பேசுகிறாள். இந்த முறை தாய் தண்ணீர் விடவில்லை. அலறி ஊரைக் கூட்டிவிட்டாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். மாமா வெங்கு படிக்கவைத்தார். அவருடைய பார்வையும் நல்ல பார்வை அல்ல. பல ஆண்டுகள் கழித்து, வேலை பார்த்துத் தன் காலில் நிற்கும் கங்கா பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். எழுதியவர் ஆர்.கே.வி. கதை ‘அக்னிப் பிரவேசம்’. அது தன் கதைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கதையின் தாய் செய்ததைத் தன் தாய் செய்யவில்லை என்பதும் தெரிகிறது.

நாவலின் உயிர்நாடி இந்த ஏற்பாடு. 1966இல் வாசகர் படித்துச் சண்டையிட்ட சிறுகதை இப்போது நாவலுக்குள் ஒரு பொருளாகக் கிடக்கிறது. கதாநாயகியின் கையில் இருக்கிறது. முன்பு தீர்ப்பாக ஒலித்தது இங்கே நடக்காமல் போன நன்மையாக, ஏக்கமாக மாறிவிடுகிறது. சிறுகதை இப்படி நடந்திருக்கலாமே என்று சொன்னது. நாவல் நம் வீடுகளில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. எதிர்த்து எழுதிய வாசகர்களுக்கு இதைவிடக் கூர்மையான விடை கிடையாது. நீங்கள் விரும்பியபடியே தாய் நடந்துகொண்டாள், அதன் விளைவு இந்தக் கங்கா, இவளோடு பேசுங்கள் என்று நாவல் அவர்களை உட்காரவைக்கிறது.

தன்மைக் கூற்று இன்னொன்றையும் செய்கிறது. அன்று காரில் வந்த பிரபுவைத் தேடிப் பிடித்து அவனோடு பழகத் தொடங்கும் கங்காவை ஊர் வைப்பாட்டி என்கிறது. அவர்களிடையே உடலுறவு இல்லை என்பது அவளுக்கும் அவனுக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். படர்க்கையில் எழுதியிருந்தால் இது ஆசிரியர் தரும் நற்சான்றிதழாகியிருக்கும். அவளே சொல்வதால், அவள் நம்மை நம்பிச் சொல்கிறாள் என்றாகிறது. ஊர் சொல்வதை நம்புவதா, இவளை நம்புவதா என்ற பொறுப்பும் நம்மிடம் வந்துசேர்கிறது. கற்பைப் பற்றிய நாவல் என்று இதைப் பலர் சுருக்குவார்கள். ஒரு பெண்ணின் சொல்லை நம்புவதைப் பற்றிய நாவல் என்றே நான் படிக்கிறேன்.

சினிமாவுக்கு ‘நான்’ என்று பேசுவது கடினம். மனக்குரலை எவ்வளவு ஒலிக்கவிட்டாலும் கேமரா அவளுக்கு எதிரேதான் நிற்கும். நாவலில் கங்காவின் கண்ணால் ஊரைப் பார்த்த நாம், படத்தில் ஊரின் கண்ணால் கங்காவைப் பார்க்கும் இடத்துக்குத் தள்ளப்படுகிறோம். இது படத்தின் குற்றமல்ல, அந்த ஊடகத்தின் இயல்பு. இதை ஈடுசெய்தது கங்காவாக நடித்த லட்சுமியின் முகம். எதிரே இருப்பவர் பேசும்போது அந்த முகத்தில் ஓடும் மறுமொழிகளே நாவலின் தன்மைக் கூற்றுக்கு மாற்றாக நிற்கின்றன. சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் தகும். நாவலில் கங்காவின் பார்வை வழியாக மட்டுமே வந்த பிரபுவுக்கு, ஸ்ரீகாந்த் நடித்ததும் தனக்கென்று ஓர் உடலும் தளர்ச்சியும் வந்துவிடுகின்றன. அவன் மேல் நமக்கு இரக்கம் கூடுகிறது. படத்தின் கருப்பொருள் கங்காவின் தனிமையிலிருந்து இருவரின் தனிமையாக விரிகிறது. நாவலை நேசிப்பவர்களுக்கு இதில் மனக்குறை இருக்கலாம். எனக்கு இல்லை.

‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ எடுத்த பீம்சிங் இங்கே தம் பழைய உணர்ச்சிப் பெருக்கை அடக்கிக்கொண்டார். படத்தில் பேச்சு அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கங்காவின் கலகம் பேச்சில்தான் நடக்கிறது. அதை வெட்டினால் அவளையே வெட்டியதாகும். நாகேஷ் நடித்த எழுத்தாளர் பாத்திரமும், கண்டதை உள்ளபடி சொல்வதே எழுத்தாளன் வேலை என்ற கருத்தில் எம்.எஸ்.விஸ்வநாதனே பாடிய பாட்டும், கதைசொல்லி யார் என்ற கேள்வியைத் திரையிலும் உயிரோடு வைத்திருக்கின்றன.

  

கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘இக்கதையின் கரு யாது?’ என்று கேட்டு ஒற்றை வரி விடைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ‘அக்னிப் பிரவேச’த்தையும் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளையும் அதன் திரைப்படத்தையும், அவை வந்த வரிசையிலேயே, ஒரே பருவத்தில் பாடமாக வையுங்கள். மூன்றையும் முடித்த மாணவரிடம் இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் கேளுங்கள்.