பெயரில்லாத ஒரு முடிச்சு

இன்னைக்கு எபிசோட் ஒரு காபி டம்ளர்ல ஆரம்பிக்குது.

நாகர்கோவில்ல ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனோட ஆச்சி காபி கொடுத்தாங்க. குடிச்சு முடிச்சு டம்ளரை டீப்பாய் மேல வச்சேன். ஆச்சி ஒண்ணும் சொல்லலை. எழுந்து வந்தாங்க, டம்ளரை எடுத்தாங்க, அதுக்கு அடியில இருந்த வெள்ளை லேஸை முந்தானையால ஒத்தி எடுத்தாங்க. தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம், முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். "ஏழு மாசம் போட்டது மக்ளே"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்கு அவமானமாப் போச்சு. சமாளிக்க ஏதாவது கேக்கணுமேன்னு, "இதையெல்லாம் யார் ஆச்சி கண்டுபிடிச்சாங்க?"ன்னேன்.

"ஆரோ ஒரு பொம்பளதான். ஆம்பளயா இருந்தா அவன் பேரை வச்சிருப்பான்லா."

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதுல, ஆச்சி சொன்னது ஏறக்குறைய அப்படியே வரலாறு.

முதல்ல இது என்ன வேலைன்னு பார்ப்போம். இதுக்குப் பேர் டாட்டிங். பூஜாடிக்கு அடியில, டிவி மேல விரிக்கிற வட்டமான லேஸ் விரிப்புக்கு டாய்லின்னு பேர். டாட்டிங் பண்ண விரல் நீளத்துல ஒரு சின்ன ஷட்டிலும் நூலும் போதும். இந்த ஷட்டில் ரெண்டு முனையும் கூர்ந்து படகு மாதிரி இருக்கும். ஜெர்மன்ல இந்த வேலையோட பேரே 'சின்னப் படகு வேலை'ங்கிற மாதிரிதான் வரும். தமிழ்ல தறியில ஓடுற ஷட்டிலை 'ஓடம்'னு சொல்றோம். ரெண்டு ஊர்லயும் ஒரே பொருள் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு.

இடது கையில நூலைச் சுத்திக்கணும். வலது கையில இருக்கிற ஷட்டிலை அதுக்கு மேலயும் கீழயும் விட்டு எடுத்து முடிச்சுப் போடணும். சூட்சுமம் ஒண்ணே ஒண்ணுதான்: முடிச்சு ஷட்டில் நூல்ல விழக் கூடாது, கையில சுத்தியிருக்கிற நூலுக்கு மாறி விழணும். அப்போதான் ஷட்டில் நூல் நடுவுல நேரா ஓடும். இழுத்தா வளையம் மூடும். மாறலைன்னா முடிச்சு இறுகிடும், வளையம் மூடாது. இந்த ஒரு அசைவைப் பழக எனக்கு மூணு வாரக் கடைசி ஆச்சு. பின்னல்ல ஊசியை உருவினா நூல் திரும்ப வந்துடும். இங்க ஒவ்வொண்ணும் முடிச்சு. மூடின வளையத்துல தப்புன்னா ஊசியை வச்சு மணிக்கணக்கா நோண்டணும், இல்லைன்னா கத்தரிக்கோல். அன்டூ கிடையாது.

இப்போ வரலாறு. 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்ல சீமாட்டிகள் கையில ஷட்டிலோட உக்காந்திருப்பாங்க. சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைஞ்ச ஆல்பெமார்ல் சீமாட்டியோட படம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. அதைப் பார்த்து டாட்டிங் அவ்வளவு பழசுன்னு சிலர் எழுதிட்டாங்க. ஆனா அந்த ஷட்டில் பெருசு. அவங்க பண்ணது 'நாட்டிங்': நூல்ல வரிசையா முடிச்சுப் போட்டு, அந்தச் சரத்தைத் துணி மேல வச்சுத் தைக்கிறது. நாம இன்னைக்குச் சொல்ற டாட்டிங் 19ஆம் நூற்றாண்டோட பிள்ளை. 1840கள்ல ஆங்கிலக் கைவேலைப் புத்தகங்கள்ல அந்தப் பேர் வருது.

அப்போ அதுக்கு ஒரு பெரிய குறை இருந்துச்சு. வளையம் போடலாம், ஆனா வளையத்தோட வளையத்தைச் சேர்க்க வழி இல்லை. தனித்தனியாப் போட்டு, அப்புறம் ஊசி நூலால தைக்கணும். காலர் ஓரத்துக்கு ஒரு வரிசை போடலாம். தோசைக்கல் அளவு டாய்லியை நினைச்சே பார்க்க முடியாது.

1850ல எலியனோர் ரியேகோ த லா பிராஷார்டியேர்ங்கிற பெண் லண்டன்ல ஒரு டாட்டிங் புத்தகம் போட்டாங்க. 70க்கும் மேல கைவேலைப் புத்தகங்கள் எழுதினவங்க. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில பரிசுப் பதக்கம் வாங்கினவங்க. ரெண்டு முடிச்சுக்கு நடுவுல கொஞ்சம் நூலைத் தளர்வா விட்டா ஒரு சின்னக் காது மாதிரி நிக்கும். அதுக்குப் பீக்கோன்னு பேர். பார்க்க அழகு, அவ்வளவுதான். ரியேகோ அந்தக் காதுலயே அடுத்த வளையத்தை ஊசியால கட்டினாங்க. அழகுக்கு விட்ட காது இணைப்புக்கான இடமா மாறிடுச்சு.

அடுத்த வருஷமே, 1851ல, இன்னொரு சின்னப் புத்தகம் வருது. அதுல ஊசியே வேண்டாம். காது வழியா நூலை இழுத்து, அந்தக் கண்ணிக்குள்ள ஷட்டிலை விட்டு எடுத்தா இணைஞ்சிடும். கையில இருக்கிற கருவியைக் கீழ வைக்காம போயிட்டே இருக்கலாம். இன்னைக்கும் உலகம் முழுக்க டாட்டிங் பண்றவங்க இணைக்கிறது அடிப்படையில இப்படித்தான். அந்தப் புத்தகத்துல எழுதினவங்க பேர் இல்லை.

இந்த இணைப்பு என்ன மாத்துச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 சுற்று, சுற்றுக்குச் சராசரியா 1,000 முடிச்சுன்னா 12,000 முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ரெண்டு பாதி, ஆக 24,000 அசைவு. நிமிஷத்துக்கு 8 முடிச்சுங்கிற என் வேகத்துல 25 மணி நேரம். நூல் சுத்துறது, இணைக்கிறது, தப்பை வெட்டி மறுபடி போடுறது எல்லாம் தனி. விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா வேலை நாலு மடங்காகும், 100 மணி நேரம். சமையல், பிள்ளைகள், கடைத்தெருன்னு எல்லாத்துக்கும் நடுவுல கிடைக்கிற கால் மணி நேரங்கள்ல பண்ணா, ஏழு மாசம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியும்.

இன்னொரு விஷயம். இந்தச் சுற்றுல விடுற காது அடுத்த சுற்றுக்கானது. மார்ச்ல ஒரு காது விடாம போனா, ஏப்ரல்ல அந்த இடத்துக்கு வரும்போதுதான் தெரியும், இணைக்க எதுவும் இல்லைன்னு. இன்னும் போடாத வளையங்களுக்காக இன்னைக்கே இடம் விட்டுக்கிட்டே போகணும். நான் மூணாவது சுற்றுல ஒரு காதை விட்டுட்டேன். நாலாவது சுற்றுல பாதியில கண்டுபிடிச்சேன். ரெண்டு வாரத்து வேலையை வெட்டிப் போட்டேன்.

லேஸை பொழுதுபோக்காப் பண்ணவங்களும் உண்டு, பிழைப்பாப் பண்ணவங்களும் உண்டு. ருமேனிய ராணி எலிசபெத் டாட்டிங்ல கெட்டிக்காரி. 1910ல லேடி கேத்தரின் ஹோர் எழுதின டாட்டிங் புத்தகத்துல ராணியோட வேலைகளும் இருக்கு. ராணி முடிச்சுப் போட்டா பேர் நிக்கும்.

ஆச்சி ஊரையே எடுத்துக்குவோம். 1820கள்ல நாகர்கோவில்ல லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கத்துக் கொடுத்தாங்க. அது டாட்டிங் இல்லை, தலையணை மேல ஊசி குத்திப் பின்ற லேஸ். திருவிதாங்கூர்ல அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சது 1855ல. அதுக்கு முன்னாடியே, லேஸ் போட்டுச் சம்பாதிச்ச காசுல தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டுக்கிட்ட அடிமைப் பெண்கள் இங்க இருந்தாங்க. மார்த்தா மால்ட் பேர் நமக்குத் தெரியும். அந்தப் பெண்கள்ல ஒருத்தர் பேரை உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியலை.

கடைசியா, டாய்லிங்கிற சொல்லுக்கு வருவோம். அது ஒரு ஆளோட பேர். டாய்லின்னு லண்டன்ல ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். அவர் கடையில வித்த துணிக்கு அவர் பேர் ஒட்டிக்கிச்சு, அப்படியே இந்தச் சின்ன விரிப்புக்கும் வந்துடுச்சு. அவர் ஒரு முடிச்சுகூடப் போட்டதாத் தெரியலை. துணியை வித்தவர் பேர் முன்னூறு வருஷமா நிக்குது. அதைப் பெருசாப் போட வழி சொன்னவங்க பேர் முதல் பக்கத்துலயே இல்லை. ஆச்சி இதையெல்லாம் படிச்சதில்லை, ஆனா சரியாச் சொன்னாங்க.

போன மாசம் மறுபடி நாகர்கோவில் போனேன். நான் போட்டதைக் காட்டினேன். ஆச்சி திருப்பிப் பார்த்து, நூல் நுனி வெளிய நீட்டிட்டு இருக்குன்னாங்க. எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சதுன்னு தெரியாம நுனியை உள்ள மறைச்சுத் தைக்கணுமாம். அதுதான் நல்ல வேலைக்கு அடையாளமாம். தைச்சும் கொடுத்தாங்க.

அவங்க போட்ட டாய்லியை ஒரு போட்டோ எடுத்தேன். பின்னாடி எழுதி வைக்க முழுப் பேரைக் கேட்டேன். "எதுக்கு மக்ளே?"ன்னாங்க, அப்புறம் சொன்னாங்க. அவங்க கேட்டுக்கிட்டதால அந்தப் பேரை இங்க சொல்லலை. ஆனா எழுதி வச்சிருக்கேன்.

உங்க வீட்டுலயும் ஏதாவது ஒரு பீரோவுல இப்படி ஒரு லேஸ் மடிச்சுக் கிடக்கலாம். யார் போட்டதுன்னு கேட்டுப் பேரை எழுதி அதோட வைங்க. டம்ளரை மட்டும் மேல வச்சிடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.