பெயருக்கு மட்டும் ஹைப்ரிடா?
மின்சாரத்தால் மட்டும் ஓர் அடிகூட நகராத வண்டியை ஹைப்ரிட் என்பது ஏமாற்று வேலை என்பார்கள். 2004-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற சில்வராடோ ஹைப்ரிட் பிக்அப் அப்படிப்பட்டதுதான். அதன் 5.3 லிட்டர் வி8 எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் இயங்கும் ஒரே மோட்டார். பின்னிருக்கைக்குக் கீழே 42 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள். சிக்னலில் நின்றால் எஞ்சின் அணையும், வேகம் குறைந்தால் மின்சாரம் சேரும். பெட்ரோல் மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் பிக்அப்பைப் பெட்ரோல் கணக்கால் மட்டுமா எடைபோடுவது? வண்டியிலேயே இருந்த 120 வோல்ட் பிளக்கில் கட்டட வேலைக்காரர் ரம்பம் ஓட்டலாம். தனி ஜெனரேட்டர் தேவையில்லை. அந்த வடிவம் 2007-ஓடு நின்றாலும் எண்ணம் தோற்கவில்லை: 2019 மாடல் ராம் 1500 பிக்அப்பில், லித்தியம் பேட்டரியோடு 48 வோல்ட் மோட்டார் பெல்ட் வழியே எஞ்சினுக்குத் தோள்கொடுத்தது, முக்கியமாக வண்டி கிளம்பும்போது.