மண்ணிலிருந்து ஆர்சனிக்கை இழுக்கும் பெரணி: அறுவடைக்குப் பிறகு அந்த இலை எங்கே போகும்?

பழைய சுண்ணாம்புச் சுவர் இடுக்கில் தானாக முளைக்கும் பெரணிச் செடியைப் பார்த்திருப்பீங்க. அதில் ஒரு வகை, சைனீஸ் பிரேக் ஃபெர்ன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்துக்கு ரசாயனம் ஏற்றிவந்து பின்னர் கைவிடப்பட்ட ஓர் இடத்தில் இது செழிப்பாக வளர்ந்திருந்தது. இதன் இலையில், உலர்ந்த எடையில் 2% வரை ஆர்சனிக் சேர முடியும் என்ற ஆய்வு 2001-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்? மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறது. அந்த நீரைப் பாய்ச்சும் நெல் வயல்களில் அது மண்ணிலும் படிகிறது.

செடி எப்படி இழுக்கிறது?

வேதியியல் ரீதியாக ஆர்சனேட், பாஸ்பேட் மாதிரியே இருக்கும். பாஸ்பேட் உள்ளே போகும் வழியிலேயே ஆர்சனேட்டும் வேருக்குள் நுழைந்துவிடுகிறது. மற்ற செடிகளுக்கு அது விஷம். இந்தப் பெரணியோ அதை இலைக்கு அனுப்பி, செல்லுக்குள் இருக்கும் பை போன்ற அறைகளில் பூட்டி வைத்துவிடுகிறது.

நுண்ணுயிரிகளுக்கு என்ன வேலை?

மண்ணில் கொட்டிய பெட்ரோலை பாக்டீரியா சிதைத்துவிடும். உலோகத்தை அப்படிச் சிதைக்க முடியாது, அது தனிமம். நுண்ணுயிரிகளால் அதன் வடிவத்தைத்தான் மாற்ற முடியும். இது இரண்டு விதமாக உதவும்.

ஒன்று, இளக்குவது. வேரைச் சுற்றியுள்ள சில பாக்டீரியாக்கள் அமிலங்களைச் சுரந்து, மண் துகளில் ஒட்டியிருக்கும் உலோகத்தை விடுவிக்கும். செடிக்கு அதை இழுப்பது சுலபமாகும்.

இரண்டு, கட்டிப்போடுவது. ராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது. இதுபோன்ற கழிவில் பெரிய ஆபத்து, நீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிற குரோமியம்தான். சில பாக்டீரியாக்கள் அதை அதிகம் கரையாத மூன்று இணைதிற குரோமியமாக மாற்றும். குரோமியம் மண்ணிலேயே இருக்கும், ஆனால் கிணற்றுக்குப் போவது குறையும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. இளக்கிய உலோகத்தை வேர் பிடிக்காவிட்டால், மழைநீரோடு அது நிலத்தடி நீரில் இறங்கிவிடும். எந்த இடத்தில் இளக்குவது, எங்கே கட்டிப்போடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் மேல் 20 செ.மீ. மண்ணின் எடை சுமார் 2,600 டன். ஒரு கிலோ மண்ணில் 60 மி.கி. ஆர்சனிக் இருக்கிறது, அதை 20 ஆகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடுக்க வேண்டியது 104 கிலோ. வருஷத்துக்கு 2 டன் உலர்ந்த இலை, அதில் 0.3% ஆர்சனிக் என்றால், கிடைப்பது 6 கிலோ. அதாவது 17 வருஷத்துக்கும் மேல். வேர் எட்டாத ஆழத்தில் இருப்பது இந்தக் கணக்கிலேயே வராது. அதுவரை அந்த விவசாயி எதை வைத்துப் பிழைப்பார்?

அந்த இலை என்ன ஆகும்?

மண்ணில் பரவிக் கிடந்த விஷம் இப்போது இலையில் குவிந்திருக்கிறது. மாட்டுக்குப் போட முடியாது. உரமாக்கினால் திரும்ப மண்ணுக்கே வந்துவிடும். வெளியில் எரித்தால் ஆர்சனிக் புகையில் கலக்கும். ஆபத்தான கழிவாகவே கையாள வேண்டும். ஈயம், காட்மியத்தை இழுக்கும் கடுகுச் செடியில் இன்னும் கவனம் தேவை. கீரையாகவோ எண்ணெய்க்காகவோ சந்தைக்குப் போய்விடக் கூடாது.

மண்ணைத் தோண்டி அள்ளிச் செல்வதைவிட இந்த முறைக்குச் செலவு குறைவு, மேல்மண்ணும் பிழைக்கும். ஆனால் உங்க ஊரில் 'செடி வைத்துச் சுத்தம் செய்கிறோம்' என்று யாராவது அறிவித்தால், எத்தனை செடி என்று மட்டும் கேட்காதீங்க. எத்தனை வருஷம், அறுவடை செய்யும் இலை எங்கே போகும், பக்கத்துக் கிணற்று நீரை யார் சோதிப்பார்கள் என்றும் கேளுங்க.