இரண்டு சதத்தின் முகம்

சில ஆண்டுகளுக்கு முன் மடுல்கெல்லவில், லயத்து மூதாட்டி ஒருவர் தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்த பழைய இரண்டு சத நாணயத்தை எனக்குக் காட்டினார். அலையலையான விளிம்பு, ஆண்டு 1957, முகம் இரண்டாம் எலிசபெத் மகாராணியுடையது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரித்தானிய முடியின் முகமோ அவர்களது கூலிக் காசில் நீடித்தது. 1963இல்தான் இலங்கையின் அரச இலச்சினை பொறித்த நாணயங்கள் வந்தன. மறு ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! சில்லறை எண்ணுவதும் இப்படித்தான்.

"கொழுந்து பறிச்ச காசு, ஐயா" என்றார் மூதாட்டி. அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே.