தேநீர்க்கடை வாங்கும் தட்டும்

பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு விரையும் மாணவர், கடைவாசலில் நின்றபடியே றோல்ஸ் ஒன்றையும் சோடா ஒன்றையும் முடித்துக்கொண்டு ஓடுவதை நெல்லியடிச் சந்தியில் நாள்தோறும் காண்கிறோம். "இக்காலப் பிள்ளைகளின் நாக்குக் கெட்டுவிட்டது" என்று பெரியோர் கடிந்துகொள்கின்றனர். கெட்டது நாக்குத்தானா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

குரக்கனும் ஒடியல் மாவும் தவிடு போகாத அரிசியும் நம் முன்னோரின் உணவு. அக்காலத்தைப் பொற்காலமென்று போற்ற நாம் முன்வரவில்லை. பலருக்குக் கூழ் விருப்ப உணவன்று, வறுமையின் உணவு. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. கோதுமை விளையாத தீவிலே பாண் அன்றாட உணவாயிற்று. 1953 இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது; பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12 ஆம் நாள் உழைக்கும் மக்கள் ஹர்த்தாலில் எழுந்தனர். பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1977 இல் திறந்த பொருளாதாரம் புகுந்தது; 1980 இல் திருகோணமலையில் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கியது. 2009 இல் போர் முடிந்தபின் யாழ்–கண்டி வீதிவழியே பொதியில் அடைத்த தின்பண்டங்களும் குளிர்பானங்களும் தடையின்றி வந்து குவிந்தன. நம் தட்டை நிரப்பியது நாக்கன்று, சந்தையே.

விளைவு யாது? தவிடும் நாரும் நீங்கிய வெள்ளை மா விரைவிற் சீனியாகி இரத்தத்திற் கலக்கிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் இரத்தக் குழாய்களுக்குப் பகை. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2005–2006 இல் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 வீதத்தினர் நீரிழிவு உடையோர் எனக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. நமது நோய் கணக்கிலும் ஏறாத நோயாக இருந்தது.

அப்படியாயின், "கடையில் உண்ணாதே" என்று மாணவருக்குக் கூறுவோமா? கூறமாட்டோம். தேநீர்க்கடை வாங்கில் அமரும் உரிமை இம்மண்ணில் எளிதிற் கிட்டியதன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியே நின்று போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் குடித்த காலம் ஒன்றிருந்தது. சாதியின் பேரால் பொதுவிடங்களிற் புகுவதைத் தடுப்பது குற்றம் என 1957 இற் சட்டம் வந்தது. ஏட்டிலிருந்த சட்டம் கடை வாங்குக்கு வருவதற்கு 1966 அக்டோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் வேண்டியிருந்தன. அப்போராட்டக் களங்களுள் நெல்லியடியும் ஒன்று. அன்று வாசலில் நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளே அமர்ந்து உண்கின்றனர். அது பெருமைக்குரியதே.

ஆயினும் போராட்டம் பாதியிலே நிற்கிறது. வாங்கு நமதாயிற்று, தட்டு இன்னும் நமதாகவில்லை. கடையில் உண்ணும் உரிமை பெற்றோம். நல்லதை உண்ணும் உரிமையைப் பெற்றோமா? அவித்த கடலையும் கௌபியும் குரக்கன் பிட்டும் றோல்ஸின் விலைக்கு மேற்படாமற் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிற் கிடைக்கட்டும். பழைய எண்ணெயைக் கொட்டச் சொல்லும் துணிவு வாடிக்கையாளருக்கு வரட்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியுள்ள குளிர்பானத்துக்குச் சிவப்புக் குறி இடவேண்டுமென்பது 2016 முதல் உள்ள விதி. அக்குறியை வாசிக்கப் பழக்குவது ஆசிரியராகிய நமது கடமை. ஒரு வாய் நிதானமாக உண்ணவும் நேரமின்றிப் பிள்ளைகளை வகுப்புக்கு வகுப்பு ஓடவைப்பவர்களும் நாமேயல்லவா? நாக்கைப் பழிப்பதை நிறுத்துவோம்; தட்டை மாற்ற முயல்வோம்.