ஈடு கேட்ட கடனும் ஈடு கேளாக் கடனும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சாணார்பட்டி. அங்கே செக்கு வைத்து எண்ணெய் ஆட்டவோ, திண்டுக்கல்லின் புகழுக்குரிய பூட்டுத் தொழிலில் சிறு பட்டறை தொடங்கவோ விரும்பும் இளைஞர் ஒருவர் கடன் கேட்டால், அவரை நோக்கி எழும் முதல் வினா, "ஈடு என்ன?" என்பதே. இவ்வொரு வினாவின் வரலாறே சிறுதொழிலுக்கு அரசு அளித்த உதவியின் வரலாறு ஆகும்.

ஆங்கில ஆட்சியில் 1883, 1884-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசு தக்காவிக் கடன் வழங்கிற்று. அது உழவர்க்கு உரியது. கையும் கருவியுமே உடைமையாகக் கொண்ட கைவினைஞர் வட்டிக்கடையையே நாடினர். சென்னை அரசினரின் ஆணைப்படி ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். தனி ஒருவரிடம் ஈடு இல்லாவிடினும், பலர் ஒன்றுகூடினால் அவர்தம் நாணயமே ஈடாகும் என்பது அவ்வங்கிகளின் அடிப்படை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

தொழிலுக்கு நேரே கடன் வழங்க, இந்தியாவிலேயே முதன்முதலாக, 1922-இல் சென்னை மாகாணம் சட்டம் இயற்றிற்று. 1949-இல் தொழில் முதலீட்டுக் கழகமும் தோன்றிற்று. ஆயினும், 1954-இல் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஊரகக் கடன் ஆய்வு கண்டது யாது? உழவர் பெற்ற கடனில் அரசு தந்தது 3.3 விழுக்காடு; கூட்டுறவு தந்தது 3.1 விழுக்காடு, ஏறத்தாழ 70 விழுக்காடு லேவாதேவிக்காரர் தந்தது. உழவர் நிலையே இதுவாயின், நிலமற்ற கைவினைஞர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1978-இல் மாவட்டத் தொழில் மையங்கள் அமையத் தொடங்கின. 2000-இல் கடன் உத்தரவாத நிதியம் ஒன்று நிறுவப்பட்டது. கடன் திரும்பாதபோது வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை அது ஏற்கும். குறுந்தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கலாகாது என 2010-இல் ரிசர்வ் வங்கி பணித்தது. நிலம் நின்ற இடத்தில் அரசின் வாக்கு வந்து நின்றது.

2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகத்தார்க்குத் திட்டச் செலவில் 25 விழுக்காடும், பெண்கள் முதலிய சிறப்புப் பிரிவினர்க்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அத்தொகை கையில் தரப்படுவதன்று. மூன்றாண்டு வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நிலைபெற்றதெனக் கண்டபின்னரே கடனில் கழிக்கப்படும்.

ஆகவே மாணவர்களே, ஈடு என்பது மறைந்துவிடவில்லை. நிலத்திலிருந்து அது மனிதரின் உழைப்புக்கும் நாணயத்திற்கும் இடம் மாறியுள்ளது. ஒருவர் முறையாகச் செலுத்தும் தவணை, அடுத்து வருபவர்க்குத் திறக்கும் கதவு. சாணார்பட்டி இளைஞர் வங்கிப் படியேறும்போது, தமக்குரிய உரிமை இது என்பதையும், தம் பொறுப்பு அது என்பதையும் அறிந்தே செல்லல் வேண்டும்.